வாசகர் கேள்வி–பதில்: மாட்டிறைச்சியும் காய்கறியும் சேர்ந்த ஸ்டூ

மழைக்காலச் சூப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, மாட்டிறைச்சி ஸ்டூ குறித்துக் கேள்விகள் பல வந்துள்ளன. செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

அம்மா, வணக்கம். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாவற்றையும் குக்கரில் ஒன்றாகப் போட்டு ஆறு விசில் விட்டேன். காய்கள் கரைந்து கூழாகிவிட்டன. கறியோ மெல்ல முடியாதபடி இருந்தது. மேலும் நான்கு விசில் விட்டும் பயனில்லை. வயிறு நிறையும்படி ஒரு நல்ல ஸ்டூ வீட்டில் செய்வது எப்படி?
— வாசகி, தேவகோட்டை

உங்கள் கைப்பக்குவத்தில் குறை எதுவும் இல்லை. கறிக்கும் காய்க்கும் ஒரே நேரத்தைக் கொடுத்ததுதான் சிக்கல். உருளைக்கிழங்கு இருபது நிமிடத்தில் வெந்துவிடும். மாட்டிறைச்சிக்கு மூன்று மணி நேரம் கூட ஆகலாம். இரண்டையும் ஒன்றாக ஏற்றி ஒன்றாக இறக்கினால் ஏதாவது ஒன்று கெட்டே தீரும். ஸ்டூ என்பது முதலில் கறிக்கான சமையல். கறி முக்கால் பங்குக்கு மேல் வெந்த பிறகுதான் அது காய்க்கான சமையலாகிறது. இந்த முறையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வந்து சேரும்.

கறி ஏன் அவ்வளவு நேரம் கேட்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உழைத்த தசையில் கொலாஜன் என்னும் இணைப்புத்திசு நிறைய இருக்கும். நீரில் நீண்ட நேரம் சூடாக இருக்கும்போது அது மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். ஸ்டூவுக்கு அந்த வழுவழுப்பையும் உதட்டில் ஒட்டும் கெட்டித்தன்மையையும் தருவது அதுவே. மாட்டின் வயது கூடக் கூட, கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, கரைவதற்கு இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். 1958-ஆம் ஆண்டிலிருந்து உள்ள தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி, பத்து வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாது என்று சான்று பெற்ற மாடுகளே பெரும்பாலும் இறைச்சிக்கு வருகின்றன. வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளோ இரண்டு, மூன்று வயது மாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் ஒன்றரை மணி நேரம் என்று கண்டிருப்பதை நம் ஊர்க் கறிக்கு அப்படியே பின்பற்றினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இனி செய்முறைக்கு வருவோம். நால்வர் அல்லது ஐவருக்கு, எலும்பில்லாத கறி முக்கால் கிலோவும், நல்லி எலும்பு கால் கிலோவும் வேண்டும். கறியை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். சிறிதாக வெட்டினால் சீக்கிரம் வேகும் என்று எண்ணிச் சுக்காவுக்கு வெட்டுவது போல வெட்டிவிடாதீர்கள். நெடுநேரம் வேகும்போது சின்னத் துண்டுகள் வற்றிச் சக்கையாகிவிடும். கழுவிய கறியை வடிகட்டியில் போட்டு நீர் இறங்கியதும், சுத்தமான பருத்தித் துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள். பலரும் விட்டுவிடுகிற வேலை இது. கறியின் மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் பழுப்பாகச் சிவந்து, வறுத்த மணம் எழும். ஈரம் இருக்கும் வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. கறி வதங்காமல் தன் நீரிலேயே அவிந்து சாம்பல் நிறமாகிவிடும்.

கனமான இருப்புச்சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விட்டு, அது நன்றாகக் காய்ந்ததும், ஒன்றோடொன்று தொடாதபடி துண்டுகளைப் பரப்புங்கள். போட்டவுடன் கிளறாதீர்கள். ஒரு பக்கம் சிவந்ததும் துண்டு தானாகவே சட்டியிலிருந்து விடும். அதுவரை கரண்டியால் தள்ளினால் பிய்ந்துகொண்டு வரும். இப்படி மூன்று ஈடாக வறுத்து எடுத்துவையுங்கள். சட்டியின் அடியில் படிந்திருக்கும் பழுப்பு கருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டூவின் நிறமும் பாதி ருசியும் அதில்தான் இருக்கின்றன.

அதே சட்டியில் ஒரு துண்டு பட்டை, மூன்று கிராம்பு, ஒரு பிரியாணி இலை, ஒன்றரைத் தேக்கரண்டி தட்டிய மிளகு போட்டு, நறுக்கிய பெரிய வெங்காயம் இரண்டையும் சேர்த்து வதக்குங்கள். வெங்காயம் விடும் நீரில் அடிப்படிவு இளகும். தட்டையான கரண்டியால் சுரண்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, கீறிய பச்சை மிளகாய் மூன்று, அதன் பிறகு இரண்டே இரண்டு தக்காளி. தக்காளி மசிந்து எண்ணெய் பிரிந்தவுடன் ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, பச்சை வாசனை போக இரண்டு நிமிடம் கிளறுங்கள். பிறகு வறுத்த கறி, எலும்பு, தேவையான உப்பில் பாதி, ஒன்றேகால் லிட்டர் வெந்நீர் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும்.

ஒரு கொதி வந்ததும் மேலே திரளும் நுரையை எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்துவிடுங்கள். குழம்பு தளதளவென்று கொதிக்கக் கூடாது. சட்டியின் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழிகள் மெல்ல எழுந்து அடங்க வேண்டும், அவ்வளவுதான். மூடியைச் சற்றே ஒருக்களித்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தால், அது முன்னைவிட விறைப்பாக இருக்கும். தசைநார் சுருங்கி நீரை வெளியேற்றிவிட்டது, கொலாஜன் இன்னும் கரையவில்லை என்பதே அதற்குப் பொருள். இந்த நேரத்தில்தான் பலர் பயந்துபோய்த் தீயைக் கூட்டுகிறார்கள். கூட்டாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் இளக்கம் தெரியும். இரண்டரை மணியளவில், கரண்டியின் விளிம்பால் அழுத்தினால் துண்டு சற்றே தடுத்துப் பின் பிளக்கும். காய் போடுவதற்கு அதுவே நேரம்.

குக்கரில் செய்வதாக இருந்தால், விசிலை எண்ணாமல் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு குக்கரும் தன் விருப்பப்படி விசில் அடிக்கும். குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரி வரை செல்வதால் நேரம் பெரிதும் குறையும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி, முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து நிமிடம் வரை வைத்து, ஆவி தானே அடங்கும்வரை விட்டுவிடுங்கள். வெயிட்டைத் தூக்கி ஆவியைப் பீய்ச்சி விட்டால் உள்ளே குழம்பு திடீரெனக் கொந்தளித்து, கறி பிய்ந்துபோகும். ஆவி அடங்கித் திறந்த பிறகு காய்களைத் திறந்த நிலையிலேயே வேகவையுங்கள். குக்கரை மறுபடியும் மூட வேண்டாம்.

காய்களிலும் வரிசை உண்டு. பெரிய துண்டுகளாக நறுக்கிய மூன்று கேரட்டும் ஒரு நூல்கோலும் முதலில். பத்து நிமிடம் கழித்து நான்காக வெட்டிய மூன்று உருளைக்கிழங்கும், தோலுரித்த முழுச் சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடியும். அதன் பின் பத்து நிமிடம் சென்று பீன்ஸ். பச்சைப் பட்டாணி கிடைத்தால் கடைசி ஐந்து நிமிடத்தில் போதும். மீதி உப்பை இப்போது ருசி பார்த்துச் சேருங்கள். இறக்கிக் கால் மணி நேரம் அப்படியே மூடி வைத்துப் பரிமாறினால், குழம்பு தன்னளவில் இன்னும் சற்றுக் கெட்டிப்படும்.

கறிக்கடையில் எந்த இடத்துக் கறியைக் கேட்டு வாங்க வேண்டும்? கொழுப்பில்லாத தொடைக்கறிதான் நல்லது என்று என் கணவர் சொல்கிறார்.
— வாசகி, காரைக்குடி

தொடைக்கறி வறுவலுக்கும் கைமாவுக்கும் நல்லது. ஸ்டூவுக்கு அது வறட்சியாக இருக்கும். முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள கெண்டைச் சதை, கழுத்துக்கறி, நெஞ்சுக்கறி, தோள்பக்கக் கறி ஆகியவற்றைக் கேளுங்கள். வெள்ளை நரம்பு ஓடிய, பார்க்கச் சற்று முரடாகத் தெரிகிற கறி என்று கடைக்காரரிடம் சொன்னால் அவருக்குப் புரியும். வாலும் கிடைத்தால் விடாதீர்கள். கணுக் கணுவாக வெட்டித் தரச் சொல்லி வாங்கிக் கறியோடு சேருங்கள். உங்கள் கணவர் கொழுப்பைப் பற்றிக் கவலைப்படுவது நியாயமே. சமைத்த பின் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கொழுப்பு மேலே வெள்ளையாக உறைந்து நிற்கும். அதைக் கரண்டியால் எடுத்துவிடலாம். வாங்கும்போதே கொழுப்பையும் நரம்பையும் ஒதுக்கிவிட்டால், கெட்டியாக வர வேண்டிய குழம்பு வெறும் மசாலா நீராகிவிடும்.

எங்கள் வீட்டில் எந்தக் கறி வைத்தாலும் கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு இல்லாமல் இறங்காது. ஸ்டூவுக்கும் செட்டிநாட்டு மசாலாவை அரைத்து ஊற்றலாமா?
— வாசகி, பள்ளத்தூர்

ஊற்றலாம். ஆனால் அப்போது கிடைப்பது நல்ல மாட்டுக்கறிக் குழம்பாக இருக்கும், ஸ்டூவாக இருக்காது. கறிச்சாறும் காயின் இனிப்பும் முன்னே நிற்க, மசாலா பின்னே நிற்க வேண்டிய பண்டம் இது. வறுத்து அரைத்த மல்லியும் மிளகாயும் சேர்ந்துவிட்டால் கேரட் எது, நூல்கோல் எது என்று நாக்குக்குத் தெரியாமல் போகும்.

இருந்தாலும், நம் ஊர் மணம் சிறிதும் இல்லாத ஸ்டூவைச் செட்டிநாட்டு வீட்டில் பரிமாறச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஒரு விரல்நுனி அளவு கல்பாசியும், அன்னாசிப்பூவில் இரண்டே இரண்டு இதழும் பட்டையோடு சேர்த்துத் தாளிக்கலாம். கல்பாசி எண்ணெயில் பட்டால்தான் மணக்கும். நீரில் போட்டால் மண்வாடையோடு நின்றுவிடும். மராட்டி மொக்கை இதற்கு விட்டுவிடுங்கள். காரத்துக்கு மிளகு மட்டும் போதும், வரமிளகாய் வேண்டாம்.

நம்மிடம் ஏற்கெனவே இதற்கு நெருங்கிய உறவான ஒன்று இருக்கிறது. இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் வைக்கிற தெரக்கலில், உருளைக்கிழங்கும் கத்திரிக்காயும் வெந்து, தேங்காய், சோம்பு, பொட்டுக்கடலை அரைப்பில் கெட்டிப்படுகின்றன அல்லவா? அந்த அரைப்பில் மிளகாயைத் தவிர்த்து, கால் மூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி சோம்பு, ஒரு தேக்கரண்டி ஊறவைத்த கசகசா ஆகியவற்றை மட்டும் மையாக அரைத்து, காய் வெந்தபின் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் மைதாவே தேவையில்லை. இப்படிச் செய்தால் ஸ்டூ இடியாப்பத்தோடு அவ்வளவு பொருத்தமாக அமையும். மைதா சேர்த்த முதல் முறை, ரொட்டிக்கும் பன்னுக்கும் பொருந்தும்.

என் ஸ்டூவில் உருளைக்கிழங்கு முக்கால் மணி நேரமாகியும் வேகவில்லை. ஐந்து தக்காளியும் கொஞ்சம் புளியும் சேர்த்திருந்தேன். எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான்.
— வாசகர், புதுவயல்

காரணம் இரண்டையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். காய்களின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் காய் மென்மையாகும். புளிப்பு மிகுந்த குழம்பில் பெக்டின் எளிதில் கரையாது. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் உள்ள கால்சியமும் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் கிழங்கு கல்லாகவே நிற்கும். புளியை அறவே விட்டுவிடுங்கள். தக்காளி இரண்டு போதும். புளிப்பு வேண்டுமானால் இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளலாம். சமையலுக்கு மட்டுமாவது குடிநீரைப் பயன்படுத்துங்கள். முற்றத்தில் விழும் மழைநீரைத் தேக்கிச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் பழைய வீடுகளில் இருந்தது. இன்றும் அந்த ஏற்பாடு பழுதாகாமல் இருக்கும் வீடுகளில், பருப்பும் கிழங்கும் எவ்வளவு சீக்கிரம் வேகின்றன என்பதைப் பார்க்கலாம்.

பப்பாளிக்காய் போட்டால் மாட்டிறைச்சி சீக்கிரம் வெந்துவிடுமாமே?
— வாசகி, கோட்டையூர்

பப்பாளிக்காயில் உள்ள பப்பைன் தசைநாரைச் சிதைக்கும் என்பது உண்மைதான். சுட்டு எடுக்கும் கறிக்கு அது உதவும். ஸ்டூவில் கறி மெல்லச் சூடேறும்போது அது மும்முரமாக வேலை செய்து, துண்டுகளின் மேற்புறத்தை மாவாக்கிவிடும், நடுப்பகுதியோ அப்படியே இருக்கும். பொறுமையாக வேகவைப்பவருக்கு அது தேவையில்லை.

பக்ரீதுக்கு வந்த குர்பானிக் கறியை அன்றே சமைத்தபோது மிகவும் விறைப்பாக இருந்தது. ஃபிரீசரில் வைத்து ஒரு மாதம் கழித்துச் செய்தபோது நன்றாக வந்தது. ஏன் இப்படி?
— வாசகி, திருப்பத்தூர்

அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். மாட்டிறைச்சியில் அந்த விறைப்பு தளர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அந்த இடைவேளையில் சமைத்தால் நீங்கள் சொன்ன மாதிரிதான் இருக்கும். கறி வந்ததும் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவுகள் வைத்திருந்து சமையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் வெளியே வைத்து விறைப்புத் தளரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. உறைந்த கறியை எடுக்கும்போதும் முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியில் மணிக்கணக்காகப் போட்டு வைப்பதும், வெயிலில் வைப்பதும் கூடாது. இளகிய கறியில் நீர் அதிகம் கசியும்; வறுப்பதற்கு முன் துணியால் ஒற்றுவதில் இன்னும் கவனம் வேண்டும்.

நாங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை. இதையே ஆட்டுக்கறியில் செய்யலாமா?
— வாசகி, கானாடுகாத்தான்

தாராளமாகச் செய்யலாம். முன்னங்கால் சப்பையும் நெஞ்செலும்பும் கலந்து வாங்குங்கள். இளம் ஆடானால் திறந்த சட்டியில் ஒன்றேகால் மணி நேரத்திலும், குக்கரில் பதினைந்து முதல் இருபது நிமிடத்திலும் காய் போடும் பக்குவம் வந்துவிடும். நூல்கோலுக்குப் பதிலாக முள்ளங்கி சேர்த்தால் ஆட்டுக்கறிக்கு நன்றாக ஒத்துப்போகும். பட்டையையும் கிராம்பையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மண்சட்டி, இருப்புச்சட்டி, பித்தளைப் பாத்திரம்: எதில் வைப்பது நல்லது?
— வாசகர், கீழச்சிவல்பட்டி

கறி வறுப்பதற்கு இருப்புச்சட்டிக்கு இணையில்லை. பழகிய, கனமான சட்டியானால் முழுச் சமையலையும் அதிலேயே முடிக்கலாம். வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லையேல் தக்காளியின் புளிப்பு இரும்போடு சேர்ந்து குழம்பு கறுத்துவிடும். மண்சட்டி சூட்டைச் சீராகப் பிடித்து வைப்பதால் மெல்ல வேகும் கட்டத்துக்கு ஏற்றது; ஆனால் கறி வறுக்கும் அளவுக்குச் சூட்டை அதற்குக் கொடுத்தால் விரிசல் விடக்கூடும். இருப்புச்சட்டியில் வறுத்து, மண்சட்டியில் வேகவைப்பதே என் விருப்பம். பரண் மீதிருந்து பித்தளைப் பாத்திரத்தை இறக்குவதாயின், ஈயப்பூச்சு நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இறக்குங்கள். பூச்சு தேய்ந்த பித்தளையில் தக்காளி சேர்ந்த எதையும் வைக்கக் கூடாது.

குடும்ப விழாவுக்கு நாற்பது பேருக்கு ஸ்டூ செய்ய வேண்டும். முந்தின நாள் இரவே அண்டாவில் செய்து மூடி வைத்து, மறுநாள் சுடவைத்துப் பரிமாறலாம் என்று நினைக்கிறோம். அளவும் சொல்லுங்கள்.
— வாசகர், காரைக்குடி

அண்டாவில் மூடி வைக்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன். க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிக்கும் குழம்பிலும் சாவதில்லை. பெரிய அண்டா மெல்ல ஆறும்போது, வெதுவெதுப்பான அந்தப் பல மணி நேரத்தில் அவை முளைத்துப் பெருகும். பெருமளவில் சமைத்த இறைச்சியால் விருந்துக்கு வந்தோருக்கெல்லாம் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வருவதற்கு இதுவே ஒரு முக்கியக் காரணம். வாசனையிலோ ருசியிலோ எந்த வேறுபாடும் தெரியாது.

முந்தின நாளே செய்வதில் தவறில்லை; செய்கிற விதம்தான் வேறு. கறியை மட்டும் முந்தின நாள் மாலை வேகவைத்து முடியுங்கள். வெந்ததும் நான்கு விரற்கடைக்கு மேல் உயரமில்லாத அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றி, மின்விசிறியின் கீழோ, குளிர்நீர் நிறைந்த பெரிய தாம்பாளத்தின் மீதோ வைத்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் சேர்த்துவிட வேண்டும். வீட்டுப் பெட்டியில் இடம் போதாதென்றால் அண்டை வீடுகளிலும் கேட்டு வையுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் விடியற்காலையில் அடுப்பை மூட்டுவதுதான் முறை. மறுநாள் உறைந்த கொழுப்பை எடுத்துவிட்டு, முழுவதும் நன்றாகக் கொதித்து வந்த பிறகு காய்களை வரிசைப்படி சேருங்கள். காய்கள் புதிதாக வெந்திருக்கும். இரவெல்லாம் சாற்றில் ஊறிய கறியும் இன்னும் ருசியாக இருக்கும்.

அளவைப் பொறுத்தவரை, வேறு பதார்த்தங்களும் இருக்கும் விருந்தில் நாற்பது பேருக்கு எலும்பில்லாத கறி ஆறு கிலோ, எலும்பு இரண்டு கிலோ, காய்கள் எல்லாம் சேர்த்து ஆறு கிலோ போதும். நீரை மட்டும் வீட்டு அளவிலிருந்து பெருக்கிக் கணக்கிடாதீர்கள். பெரிய பாத்திரத்தில் ஆவியாகும் பங்கு குறைவு என்பதால், கறி மூழ்கி அதற்கு மேல் ஒரு விரல் நிற்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றினால் போதும். பட்டை, கிராம்பும் அப்படியே. எட்டு மடங்கு கறிக்கு ஐந்து மடங்கு மணப்பொருள்தான் சரியாக வரும். உப்பை மூன்று தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையைக் காய் வெந்த பிறகு பரிமாறப் போகிறவரே ருசி பார்த்துச் சேர்க்கட்டும்.